எபாக்சி சொன்ன பேச்சைக் கேட்காதபோது: மரப்படகு கட்டுபவர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து

14 அடித் துடுப்புப் படகு ஒன்றை மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். பழவேற்காடு ஏரியில் இறக்க வேண்டும் என்று ஆசை. 6 மி.மீ. மெரைன் பிளைவுட்டை வெட்டி, செம்புக் கம்பியால் தைத்து, மூலைகளில் எபாக்சியும் (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) மரத்தூளும் குழைத்த பட்டி வைத்து, மேலே ஃபைபர் (கண்ணாடி இழை) துணி போர்த்தும் முறை. மரவேலை நான்கே மாதத்தில் முடிந்தது. எபாக்சிதான் பாடாய்ப் படுத்திவிட்டது. பட்டதைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

முதல் அடி, கலவையில். உட்பக்க மூலைகளில் துணிப்பட்டை ஒட்டி மூன்று நாள் ஆகியும் பலாப்பால் மாதிரி பிசுபிசுவென்று இருந்தது. டப்பாவில் ரெசின் 100க்கு ஹார்டனர் 10 என்று போட்டிருந்தது. அது எடைக் கணக்கு. நான் அளவுக் கோப்பையில் ஊற்றி அளந்தேன். ரெசின் கனமானது, 100 மில்லி ஏறத்தாழ 116 கிராம் வரும். ஹார்டனர் லேசானது, 10 மில்லி 10 கிராமைத் தொடாது. ஆக, 100 கிராமுக்கு எட்டரை கிராம்கூடப் போய்ச் சேரவில்லை. போதாததற்கு, கோப்பையின் ஓரத்தில் ஒட்டியதை வழித்துக் கலக்கவும் இல்லை.

மேலே கொஞ்சம் ஹார்டனரைத் தடவினால் இறுகிவிடும் என்று சிலர் சொன்னார்கள். இறுகாது, தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டும் உள்ளுக்குள் சரியான விகிதத்தில் கலந்தால்தான் இறுகும். ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கி, பட்டி பிளேடால் அத்தனையையும் வழித்தெடுத்தேன். பிறகு அசிட்டோன் துடைப்பு, உப்புத்தாள் தேய்ப்பு, அப்புறம் முதலிலிருந்து ஒட்டல். இப்போது 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இல்லாமல் டப்பாவைத் திறப்பதே இல்லை.

இரண்டாவது அடி இதைவிடப் பெரிது. வெளிப்பக்கத்துக்கு முழுத் துணியையும் ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு விரித்து ரெசின் ஊற்றினேன். ஒன்பதரைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. வெயில் ஏறித் தகரம் காய ஆரம்பித்ததும் துணிக்கு அடியில் குமிழ்கள் கிளம்பின. ரப்பர் துண்டால் அழுத்தித் தள்ளினால் பக்கத்தில் இரண்டு முளைக்கும். பதினொரு மணிக்கு ரெசின் இறுகத் தொடங்கிவிட்டது, கையை எடுத்துவிட்டேன். அன்று நான் சாப்பிடவே இல்லை.

காரணம் பிறகு புரிந்தது. மரத்தின் துளைகளுக்குள் காற்று இருக்கிறது. மரம் சூடானால் அது விரிந்து வெளியே வரப் பார்க்கும், மேலே ஈர ரெசின் மூடியிருந்தால் குமிழாகும். அதையே சூடு இறங்கும் நேரத்தில், மாலை ஐந்து மணிக்கு மேல் பூசினால், காற்று சுருங்கி ரெசினைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். ஒரே மரம், ஒரே ரெசின்தான். மாறியது நேரம் மட்டும்.

சரிசெய்தது இப்படி: சின்னக் குமிழ்களில் இரண்டு துளை போட்டேன், ஒன்றில் சிரிஞ்சால் ரெசின் செலுத்த, இன்னொன்றில் காற்று வெளியேற. மேலே பாலித்தீன் தாள் விரித்து மணல் பை வைத்தேன். உள்ளங்கையை விடப் பெரியவற்றை வெட்டி எடுத்து, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் ஏறும்படி ஒட்டுத்துணி போட்டேன். துணி போடுவதற்கு முந்தின நாள் மாலையே வெறும் மரத்துக்கு ஒரு பூச்சு கொடுத்து துளைகளை அடைத்திருந்தால் இத்தனை பாடு இல்லை.

குளச்சலிலிருந்து

தம்பி, எங்கள் குடும்பத் தொழிலே வள்ளத்துக்கு ஃபைபர் அடிப்பதுதான். நாங்கள் பாலியெஸ்டர் ரெசினில் அடிக்கிறவர்கள். எங்கள் முதல் எதிரி ஈரம். கடலில் ஓடிய மரத்தைக் காயவிடாமல் அடித்தால் ஒரு வருடத்தில் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும். மேலே பார்த்தால் தெரியாது. நாணயத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒட்டியிருக்கும் இடம் ‘டிக்’ என்று கெட்டியாகக் கேட்கும். பிடிப்பு விட்ட இடம் மந்தமாக, பானை மாதிரி கேட்கும்.

எபாக்சிக்கு மாறுகிறவர்களுக்கு இன்னொன்று. கடையில் கிடைக்கும் மேட்டை (நெய்யாமல், இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) வாங்கிப் போடாதீர்கள். மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை. மேட் விறைப்பாக, வெள்ளை வெள்ளையாக நிற்கும். நெய்த துணிதான் சரி. எபாக்சி போட்ட படகில் பிற்பாடு பாலியெஸ்டரால் பழுதுபார்ப்பதும் வேண்டாம், பிடிப்பு இருக்காது. பாலியெஸ்டர் மேல் எபாக்சி போடலாம், அதில் தவறில்லை.

ரொறன்ரோவிலிருந்து

அண்ணாமார் வெயிலோடு போராடுகிறீர்கள், எனக்குக் குளிர்தான் பிரச்சினை. சீடர் மரக் கீலங்களை ஒட்டிக் கனூ (ஒடுங்கிய துடுப்புப் படகு) ஒன்று கட்டினேன், கராஜுக்குள், ஜனவரியில். ரெசின் டப்பாவுக்குள் சீனி மாதிரி கட்டிபட்டுக் கிடந்தது. பழுதாகிவிட்டது என்று எறியப் போனேன். டப்பாவைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக் கலக்க, பழையபடி தெளிந்துவிட்டது.

பிறகு புரொப்பேன் ஹீட்டர் போட்டு வேலை செய்தேன். அதுதான் பெரிய பிழை. எரிகிற வாயுவில் இருந்து ஈரமும் கரியமில வாயுவும் வரும். இறுகாத எபாக்சியின் ஹார்டனரோடு அவை சேர்ந்து, மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வந்தது. நான் அதை அப்படியே உப்புத்தாளால் தேய்த்தேன். தாள் அடைபட்டது, படலம் கீறல்களுக்குள் போய்ச் சேர்ந்தது, அடுத்த பூச்சு மீன்கண் மாதிரி குழி குழியாக விலகி நின்றது. அந்தப் பூச்சு முழுவதையும் சுரண்ட வேண்டி வந்தது. படலம் தண்ணீரில் கரையக்கூடியது. முதலில் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும், துடைத்துக் காய்ந்த பிறகுதான் உப்புத்தாள். இப்போது மின்சார ஹீட்டர்தான் வைத்திருக்கிறேன்.

கையுறை இல்லாமல் வேலை செய்யாதீர்கள். எனக்கு மணிக்கட்டில் வந்த ஒவ்வாமை போகவேயில்லை, டப்பாவைத் திறந்தாலே சொறியத் தொடங்கும். கையில் பட்டதை அசிட்டோனால் துடைப்பதும் கூடாது, அது தோலின் எண்ணெயையும் எடுத்துவிடும்.

சென்னையிலிருந்து, மீண்டும்

அந்தப் படலம் எனக்கு ஐப்பசி மழையில் வந்தது. ரெசின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நேற்று தண்ணீரால் கழுவினேன், போய்விட்டது. மிக்க நன்றி.

குளச்சல் அண்ணன் சொன்னபடி பத்து ரூபாய் நாணயத்தோடு படகைச் சுற்றி வந்தேன். ஏராவுக்கு (படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் கட்டை) பக்கத்தில் உள்ளங்கையகலத்துக்கு ஓர் இடம் மந்தமாகக் கேட்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. சிரிஞ்ச் போதுமா, திறக்கட்டுமா?

குளச்சலிலிருந்து

திறந்துவிடுங்கள். ஏரா கரையில் உரசும் இடம், அங்கே ஊசி வைத்தியம் வேண்டாம். வெட்டியதும் மரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தாலோ நிறம் கறுத்திருந்தாலோ இரண்டு வாரம் காயவிட்டு, அப்புறம் ஒட்டுங்கள். அந்த இடத்தில் துணி இரண்டு மடிப்பு.