எக்ஸ்பி கணினியில் 80 ஜிபி ஹார்டு டிஸ்க் போகிறது: மாற்றாக எதை வாங்குவது?

அழைப்பிதழ்க்காரன்:
வணக்கம். கும்பகோணத்தில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். புதிய கணினி ஒன்றும் உண்டு. ஆனால் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் இன்றும் 2005இல் வாங்கிய பென்டியம் 4இல்தான் நடக்கிறது. பேஜ்மேக்கர் 7 (பக்க வடிவமைப்பு மென்பொருள்), பழைய தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் (மென்பொருளுக்கான உரிமச் சாவி) ஆகிய மூன்றும் அதை விட்டு வர மறுக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி, எஸ்பி2.

அதிலுள்ள 80 ஜிபி சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை) ஹார்டு டிஸ்க் ஒரு வாரமாக 'டொக், டொக்' என்கிறது. கோப்பைத் திறந்தால் இரண்டு நிமிடம் உறைந்து நிற்கிறது. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறம் காட்டுகிறது. சி5 என்ற வரியில் முந்தாநாள் 12, இன்று 29. 500 ஜிபி வாங்கலாமா, 1 டிபியா, சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டியா? பழையதும் சாட்டா என்பதால் எதை வாங்கினாலும் அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆடி மாதம், வேலை குறைவு. ஆவணி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

தெருமுனை:
சாட்டா என்றால் எல்லாம் ஒரே சாட்டாதான், அண்ணா. விலை வித்தியாசம் அதிகமில்லை, 1 டிபி போட்டுவிடுங்கள். அதற்கு முன் விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

திருப்புளி:
செக்டிஸ்க் ஓட்ட வேண்டாம், ஐயா. ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். சி5 என்பது டிஸ்க்கால் படிக்க முடியாமல் தவிக்கிற செக்டர்களின் (சிறு சேமிப்புக் கட்டங்களின்) எண்ணிக்கை. அந்த மென்பொருள் அதைப் பதினாறடிமான எண்ணாக (பத்துக்குப் பதில் பதினாறின் அடிப்படையில்) காட்டும். எனவே உங்கள் 12 என்பது 18, 29 என்பது 41. இரண்டு நாளில் இரு மடங்குக்கு மேல்! இந்த நிலையில் செக்டிஸ்க் டிஸ்க் முழுவதையும் உழுது, பாதி உயிரில் கிடப்பதையும் முடித்துவிடும். வாங்குவது பிறகு. முதலில் கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

இன்னொன்று: மதர்போர்டில் கூடுதல் கார்டுகள் செருகும் பிசிஐ துளைகளுக்குப் பக்கத்தில் சதுரமாக ஒரு பெரிய சிப் இருக்கும். அதன் மேல் எழுதியிருப்பதைச் சொல்லுங்கள். எதை வாங்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

அழைப்பிதழ்க்காரன்:
கழற்றிவிட்டேன். செக்டிஸ்க் நேற்றே ஓட்டியாயிற்று. 20 விழுக்காட்டில் நின்றது, பயந்துபோய் அணைத்துவிட்டேன். தூசியைத் துடைத்துப் பார்த்தால் சிப்பில் 'விடி8237ஆர்' என்று இருக்கிறது.

வெள்ளெழுத்து:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2014 ஏப்ரலோடு ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கு இன்னும் ஏன் செலவு செய்கிறீர்கள்? யுனிகோடுக்கும் இன்டிசைனுக்கும் மாறிவிடலாமே.

அழைப்பிதழ்க்காரன்:
மாறிக்கொண்டுதான் இருக்கிறேன், நண்பரே. ஆனால் "அக்கா கல்யாணத்துக்கு அடித்த அதே மாதிரி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டு வருகிறவரிடம் யுனிகோடு பற்றிப் பேச முடியாது.

திருப்புளி:
நினைத்தது சரி. விடி8237, விடி8237ஆர் இரண்டுக்கும் ஒரு பிரபலமான குறை உண்டு. அவை நொடிக்கு 1.5 ஜிகாபிட் வேகமுள்ள முதல் தலைமுறை சாட்டா. பின்னால் வந்த 3 ஜிகாபிட் டிஸ்க்கைச் செருகினால், இரண்டும் பேசி வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிப்புக்கு அந்தப் பேச்சுவார்த்தை வராது. விளைவு, கணினியைத் துவக்கும் பயாஸில் டிஸ்க் தெரியவே தெரியாது. நல்ல டிஸ்க்கைப் பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம். அடுத்து வந்த 8237எஸ் சிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள்.

3 ஜிகாபிட் காலத்து ஹார்டு டிஸ்க்குகளில் பின்பக்கம் ஜம்பர் என்ற சிறு செருகியைப் போட்டு 1.5க்குக் கட்டிவைக்கலாம். இப்போது கடையில் கிடைப்பவற்றில் அந்த வசதியை நம்பி வாங்க முடியாது. எஸ்எஸ்டியில் பொதுவாக ஜம்பரே இருக்காது.

என் யோசனை இது. உங்கள் போர்டில் சாட்டாவுக்கு முந்தைய இணைப்பான 40 பின் ஐடிஇ துளை இருக்கிறது, சிடி டிரைவ் அதில்தான் மாட்டியிருக்கும். சிறிய எஸ்எஸ்டி ஒன்று, 120 அல்லது 240 ஜிபி, கூடவே ஐடிஇ–சாட்டா கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். டிஸ்க்கோடு பேசுவது கன்வெர்ட்டர்தான் என்பதால் அந்த வேகத் தகராறு எழாது. சிடி டிரைவுக்காக எக்ஸ்பி ஏற்கெனவே அந்த வழியை அறிந்து வைத்திருக்கிறது. புதிய டிரைவர் தேட வேண்டாம். பிசிஐ சாட்டா கார்டும் போடலாம். ஆனால் அதற்கு டிரைவரை முன்கூட்டியே எக்ஸ்பிக்குள் ஏற்றாவிட்டால் நீலத்திரைதான்.

1 டிபி எதற்கு? 80 ஜிபியையே இருபது வருடத்தில் உங்களால் நிரப்ப முடியவில்லை. 'புத்தம் புதிய ஐடிஇ ஹார்டு டிஸ்க்' என்று யாராவது நீட்டினாலும் வாங்க வேண்டாம். பெரும்பாலும் பழையதைத் துடைத்து, ஓடிய மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி விற்பதுதான்.

நகலெடுக்க: பழையது, புதியது இரண்டையும் உங்கள் புதிய கணினியில் மாட்டி, லினக்ஸ் பென்டிரைவில் துவக்கி, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருளை ஓட்டுங்கள். அது முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய் நல்ல பகுதியை முதலில் எடுத்துவிடும். பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். எது பழையது, எது புதியது என்று இரண்டு முறை பாருங்கள். திசை மாறினால் காலி டிஸ்க்கின் நகல்தான் மிஞ்சும்.

நான்காம் கிலோபைட்:
ஒரு திருத்தம். எக்ஸ்பி பகிர்வை (பார்ட்டிஷனை) 63ஆம் செக்டரிலிருந்து தொடங்கும். எஸ்எஸ்டி 4096 பைட் கணக்கில் இயங்குவதால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் தரவு இரண்டு கட்டங்களில் கால் வைக்கும். ஜிபார்ட்டட் மென்பொருளைக் கொண்டு 1 எம்பி எல்லைக்கு நகர்த்திவிடுவது நல்லது.

திருப்புளி:
உண்மைதான். ஆனால் பேஜ்மேக்கர் மட்டும் ஓடுகிற கணினிக்கு அந்த மெனக்கெடல் தேவையா? பகிர்வை நகர்த்தும்போது மின்சாரம் போனால் அழுவது அவர்தான். எல்லாம் ஓடி, இன்னொரு நகலும் கையில் இருக்கும்போது செய்யட்டும்.

அழைப்பிதழ்க்காரன்:
ஒன்பது நாள் கழித்து வருகிறேன். 240 ஜிபி எஸ்எஸ்டியும் கன்வெர்ட்டரும் வாங்கினேன். டிடிரெஸ்க்யூ ஒன்றரை நாள் ஓடி, மூன்று இடங்களைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. சிடி டிரைவின் கேபிளிலேயே நடுவிலிருந்த இன்னொரு முனையில் மாட்டினேன். பயாஸில் சிடியும் காணோம், டிஸ்க்கும் காணோம். சிடியைக் கழற்றினால் எக்ஸ்பி துவங்குகிறது, ஆனால் பழைய வேகமே பரவாயில்லை என்கிற அளவுக்கு மந்தம்.

திருப்புளி:
இரண்டு சின்ன விஷயங்கள். கன்வெர்ட்டரும் சிடி டிரைவும் இரண்டுமே ஒரே கேபிளில் 'நான்தான் மாஸ்டர்' (முதல் சாதனம்) என்று நிற்கின்றன. எஸ்எஸ்டியை முதல் ஐடிஇ துளையிலும் சிடியை இரண்டாவதிலும் தனித்தனிக் கேபிளில் மாட்டுங்கள். பயாஸில் துவக்க வரிசையில் புதிய டிஸ்க்கை முதலில் வையுங்கள்.

மந்தத்துக்குக் காரணம் கேபிள். சிடியோடு வரும் தட்டைக் கேபிளில் பெரும்பாலும் 40 கம்பிதான். நொடிக்கு 33 எம்பிக்கு மேல் போகாது. 80 கம்பிக் கேபிள் கேட்டு வாங்குங்கள். கம்பிகள் நெருக்கமாக, மெல்லியதாக இருக்கும். எண்ண வேண்டாம், பக்கத்தில் வைத்தாலே தெரியும். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை டிஸ்க்குக்கு.

அழைப்பிதழ்க்காரன்:
பழைய சாமான் கடையில் ஒரு கட்டிலிருந்து உருவிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மாட்டியதும் கணினி வேறு ஆளாகிவிட்டது. டாங்கிளும் எழுத்துருக்களும் ஒன்றும் கேட்கவில்லை.

போனது ஒரே ஒரு கோப்பு: 2011இல் அடித்த பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ். அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையே இந்த ஆவணிக்கு நம்மிடம்தான் வந்திருக்கிறது. பழையதை யாரும் கேட்கப் போவதில்லை. பழைய டிஸ்க்கை எடைக்குப் போட்டுவிடலாமா?

திருப்புளி:
இப்போது வேண்டாம். மேலே தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். எஸ்எஸ்டியின் முழு நகல் ஒன்றைப் புதிய கணினியில் எடுத்து, அதிலிருந்து நாலு பத்திரிகையாவது திறந்து பார்த்த பிறகு எடைக்குப் போடலாம். மதர்போர்டைத் திறந்து வைத்திருக்கும்போதே அந்த வட்டமான சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்; அது இறந்தால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, மறுபடி டிஸ்க்கைக் காணோம் என்று இங்கே வந்து எழுதுவீர்கள்.