மஞ்சப்பையை விட பாலித்தீன் பையே மேலா?

தறிக்காரன்:
மஞ்சப்பை எடுத்துப் போனால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 7,100 முறை எடுத்தால்தான் சுற்றுச்சூழல் பாதிப்பில் ஒரு பாலித்தீன் பைக்கு ஈடாகும். தினம் ஒரு தடவை என்றாலும் 19 வருஷம்! எந்தப் பை அத்தனை நாள் உழைக்கும்?

கழிமுகம்:
பலவகைப் பாதிப்புகளையும் தனித்தனியே கணக்கிட்டு, அதில் மிக மோசமானதை வைத்துச் சொன்னது அந்த 7,100. அது ஓசோன் படலம் பற்றியது. புவி வெப்பத்துக்கு அதே ஆய்வு சொல்வது 52 முறை. வாரச் சந்தைக்கு எடுத்துப் போனால் ஒரே வருஷம். தெருவில் வீசிய பை செய்யும் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவே இல்லை. டென்மார்க்கில் பழைய பை குப்பைக்கூடைக்கு உறையாகி எரியுலைக்குப் போகிறது. நம் ஊரில் சாம்பார் கட்டித் தரும் பாலித்தீன் பை? பிசுக்கு ஒட்டியதைக் காயலான் கடையில் வாங்க மாட்டார்கள். சாக்கடையை அடைக்கும். வாசனைக்கு மாடு முடிச்சோடு விழுங்கும். அது சாணத்தில் வராது, இரைப்பையிலேயே தங்கும்.

தறிக்காரன்:
52 சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைகளில் ‘துணிப்பை’ என்று தருவதில் பல நான்-ஓவன், அதாவது நெய்யாத துணி. அது பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்கேதான். 2019 ஜனவரி 1-இல் வந்த தமிழக அரசின் தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நெய்த துணியின் பாவும் ஊடும் (நீள நூலும் குறுக்கு நூலும்) தெரியாது, அழுத்திய புள்ளி வரிசைதான். ஓரத்தைக் கிள்ளித் தீயில் காட்டினால் உருகி, ஆறியதும் கெட்டி மணியாகும். பருத்தி என்றால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும்.

கடைத்தெரு:
10 ரூபாய் மஞ்சப்பை காய்கறிக்குச் சரி, அயிரை மீனுக்கு ஆகாதே? ஈரச் சாமானுக்குத் தூக்குவாளிதான். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து முதலில் ‘டேர்’ (எடையைப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அழுத்தச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பாத்திரத்தின் எடைக்கும் மீன் விலை கொடுப்பீர்கள். கொதிக்கும் சாம்பாரை முக்கால் அளவே ஊற்றுங்கள்; விளிம்புவரை ஊற்றி இறுக மூடினால் ஆவி தள்ளி வழியும்.

தறிக்காரன்:
சரி, அந்த 52-ஐயாவது பை தாங்குகிறதா? கைப்பிடியில் ஒற்றைத் தையல். 5 கிலோ அரிசி வைத்தால் பிரிந்துவிடும்.

கழிமுகம்:
அது பருத்தியின் குற்றமில்லை, தையலின் குற்றம். கைப்பிடி முனையை ஒரு அங்குலம் உள்ளே மடித்து, நாலு பக்கமும் சதுரமாகத் தையல் ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் போடச் சொல்லுங்கள். தையற்கடையில் ஐந்து நிமிஷ வேலை.