ஹட்டன் பக்கம் வயலின் ஆசிரியர் யாராவது இருக்கிறார்களா?

எல்லாருக்கும் வணக்கம். டிக்கோயாவில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பத்து வயது, இரண்டு வருடமாகக் கர்நாடக வயலின் பழகுகிறாள். சொல்லிக்கொடுத்த டீச்சர் இடமாற்றம் கிடைத்து ஊருக்குப் போய்விட்டார்.

அவர் யாழ்ப்பாணத்தில், இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர். முதல் ஒரு மாதம் பிள்ளையின் கையில் வில்லையே கொடுக்கவில்லை. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையை, அதாவது ஆரம்பச் சுரப் பயிற்சியை, தாளம் போட்டுப் பாட வைத்தார். "வாயில வராதது விரல்ல வராது" என்பார். அப்புறம்தான் தரையில் சம்மணம் போட்டு, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி உட்காரப் பழக்கினார். சுருதி விலகினால் திட்டவே மாட்டார். தம்பூரா ஒலியைக் கூட்டி வைத்து, "கேளு" என்று மட்டும் சொல்லுவார். பிள்ளை தானே விரலை ஒரு மயிரிழை நகர்த்தும். சுரம் சேர்ந்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஃபோனில் வகுப்பு வைத்துப் பார்த்தோம். மழை வந்தால் சிக்னல் விட்டு விட்டு வருகிறது, தாளம் ஒத்து வரவில்லை.

இப்படிப் பாட வைத்துச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை பக்கம் இருந்தால் சொல்லுங்கள். நுவரெலியா என்றாலும் சரி, சனிக்கிழமைகளில் பஸ்ஸில் கூட்டிப்போவேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு அவசரமில்லை.

இன்னொன்று: இந்த ஈரத்தில் தந்தியை முறுக்கும் பிரடை இறுகித் திருப்பவே முடியவில்லை. முக்கால் அளவு வயலின். பக்கத்தில் யாரிடம் கொடுத்துச் சரிபார்க்கலாம்?