நாக்ஸோஸ் தீவு: துறைமுகத்தை ஒட்டிய மலிவு ஹோட்டலா, கடற்கரை ஸ்டூடியோவா?

பயணப்பை:
செப்டம்பர் கடைசி வாரம் கிரீஸ் போகிறோம், நாக்ஸோஸ் தீவில் நாலு இரவு. ரெண்டு பேர். அம்மாவுக்கு எழுபது வயது, படியேறினால் முழங்கால் வலிக்கும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து மாலை 5:30 கப்பல், தீவுத் தலைநகர் கோரா வந்து சேர இரவு 11 ஆகுமாம். திரும்புவதும் கப்பல்தான், மாலையில். கையில் ரெண்டு இடம் இருக்கிறது. ஒன்று, கோராவில் கப்பல்துறைக்கு எதிரேயே ஒரு இரண்டு நட்சத்திர ஹோட்டல். இன்னொன்று, அயியா அன்னா கடற்கரையில் சின்ன அடுப்போடு ஒரு ஸ்டூடியோ, அதாவது ஓரறை வாடகை வீடு. வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுக்கலாம்?

கரைவலை:
துறைமுகத்துக்கு நேர் எதிரே வேண்டவே வேண்டாம். அங்கே பெர்ரி பின்பக்கமாகத்தான் கரையணையும். நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம், பின்கதவுப் பலகை சிமென்ட்டில் உரசும் சத்தம், ஒலிபெருக்கி அறிவிப்பு, பிறகு லாரியும் காரும் பைக்கும் ஒரே மூச்சில் வெளியே. நள்ளிரவை ஒட்டியும் கப்பல் உண்டு, விடிந்ததும் உண்டு. மலிவு ஹோட்டலில் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், ஒன்றும் தடுக்காது. அயியா அன்னாவில் கதவைத் திறந்தால் மணல். தீவுக்குப் போய் டிக்கெட் ஏஜென்சி போர்டைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பதில் என்ன இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
கப்பல் சத்தம் உண்மைதான். ஆனால் கப்பல் கரையில் நிற்பது பத்து நிமிடம் போல. அதைவிடப் பெரிய விஷயம் வந்து இறங்கும் நேரம். மாலைக் கப்பல் பாரோஸ் போன்ற தீவுகளில் நின்று வரும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். 11 மணி 11:40 ஆனால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அந்த நேரத்தில் அயியா அன்னாவுக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. ஸ்டாண்டில் இருக்கும் சில டாக்ஸிகளை முதலில் இறங்குபவர்கள் பிடித்துவிடுவார்கள். கிரீஸில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை டாக்ஸி மீட்டர் இரண்டாம் கட்டணத்தில் ஓடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரே ஹோட்டல் என்றால் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்துவிடலாம்.

கடைசி நாளையும் பாருங்கள். அறையைக் காலி செய்வது 11 மணி வாக்கில், கப்பல் மாலையில். நடுவில் ஆறு மணி நேரம் பெட்டியை எங்கே வைப்பது? கோரா ஹோட்டல் என்றால் ரிசப்ஷன் மூலையில் வைத்துவிட்டு ஊர் சுற்றலாம். ஸ்டூடியோக்காரருக்கு அடுத்த விருந்தாளி வருவதற்குள் அறையைத் துடைக்க வேண்டும்.

புளியோதரை:
இந்த ரெண்டு தரப்பிலும் சாப்பாட்டை யாரும் பேசல! அம்மா சைவம்னா அடுப்பு பெரிய வரம். ஸ்டூடியோ சமையல் மூலைன்னா பெரும்பாலும் ரெண்டு எலக்ட்ரிக் தட்டு, சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு வாணலி, ஒரு பாத்திரம், காபி போடுற நீளக் கைப்பிடி பிரிகி. அரிசி வேகும், பருப்பு வேகும். குக்கர் இருக்காது, அதனால மசூர் பருப்பு வாங்குங்க, துவரையை எதிர்பார்க்காதீங்க. நாக்ஸோஸ் உருளைக்கிழங்குக்கு கிரீஸ் முழுக்கப் பேர் உண்டு, தைரியமா வாங்கலாம்.

கணக்குப்பிள்ளை:
சமைப்பதற்காகவா அவ்வளவு தூரம்? கோராவில் சைவம் கிடைக்காமல் இல்லை. ஃபாவா என்ற பருப்பு மசியல், ஓவனில் வெந்த பெரிய மொச்சை யிகாந்தேஸ், அரிசி அடைத்த தக்காளி குடைமிளகாய் யெமிஸ்தா, வேகவைத்த கீரை கோர்தா, பேக்கரியில் கீரை அடைத்த பேஸ்ட்ரி. யெமிஸ்தாவில் மட்டும் கறி கலந்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், ரெண்டு விதமும் உண்டு.

கரைவலை, உங்கள் அயியா அன்னாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தீவின் பஸ்கள் எல்லாம் கப்பல்துறை வாசலில் இருந்துதான் கிளம்புகின்றன. ஹால்கி, பிலோட்டி, அபெராந்தோஸ் என்று மலைக் கிராமம் எதற்குப் போனாலும் அங்கிருந்து முதலில் கோரா வர வேண்டும், இறங்கி மாற வேண்டும், திரும்பும்போது மறுபடி மாற வேண்டும். செப்டம்பர் கடைசியில் பஸ் நேரங்கள் வேறு குறையத் தொடங்கும். ஒரு இணைப்பு தவறினால் அரை நாள் போச்சு. டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே அலுவலகத்திலோ இயந்திரத்திலோ வாங்கிவிடுங்கள்.

கரைவலை:
ஸ்கூட்டரோ சின்னக் காரோ எடுத்தால் பஸ் பேச்சே இல்லை. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். எழுபது வயது அம்மாவை ஸ்கூட்டரில் உட்கார வைக்கச் சொல்லவில்லை, கார்.

திசைகாட்டி:
எல்லோரும் "துறைமுகம்", "துறைமுகம்" என்று ஒரே வார்த்தையில் பேசுகிறீர்கள். கோராவில் இடத்துக்கு இடம் கதை வேறு.

கப்பல்துறையில் இறங்கியதும் இடப்பக்கம், வடக்கே, போர்த்தாரா நிற்கும் பலாத்தியா திட்டு. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோவிலின் வாசல் அது. அதற்குப் பக்கத்தில் கிரோட்டா பகுதி, வடகாற்றுக்கு நேராக முகம் கொடுத்து நிற்கும். மெல்டெமி என்ற அந்தக் கோடை வடகாற்று ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சம். அப்போது கிரோட்டா பால்கனியில் துண்டு காயப் போட்டால் தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் தணிந்திருக்கும், முற்றிலும் நிற்காது.

இறங்கியதும் நேரே எதிரே மேட்டில் ஏறுவது பூர்கோஸ், அதன் தலையில் காஸ்ட்ரோ. 1207இல் வந்த வெனிஸ்காரர் மார்க்கோ சனுதோ எழுப்பிய கோட்டை. வளைவுகளும் வெள்ளைச் சந்துகளும் பார்க்க அழகு, படத்தில் இன்னும் அழகு. ஆனால் வண்டி போகாது, எல்லாம் கல்படி. "துறைமுகத்திலிருந்து 200 மீட்டர்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள், அந்த 200 மீட்டரும் செங்குத்தாக இருக்கலாம். பெட்டியும் முழங்காலும் சேர்ந்து அழும். அம்மாவோடு போகிறவர்களுக்கு இந்தப் பகுதி ஆகாது.

வலப்பக்கம், தெற்கே, கடலோர நடைபாதை: பராலியா. உணவகம், பார், டிராவல் ஏஜென்சி. தரை சமம். சத்தம் என்றால் இங்கேதான், கப்பலால் அல்ல, பார்களால். கோடையில் இரவு 11 முதல் காலை 7 வரையும், மதியம் 3 முதல் 5:30 வரையும் பொது அமைதி நேரம் என்று கிரீஸில் போலீஸ் விதி உண்டு. ஆனால் இசைக்கு நேர நீட்டிப்பு அனுமதி வாங்கிய பாருக்கு அது பெரிய தடை இல்லை.

இன்னும் தெற்கே போனால் அயியோஸ் யோர்யோஸ். கப்பல்துறையிலிருந்து கால் மணி நேர நடை, தரை பெரும்பாலும் சமம், ஆழம் குறைந்த மணல் கடற்கரை. சின்னச் சின்னக் குடும்ப ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன. எதிரே உள்ள ஹோட்டல், ஆறேழு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஸ்டூடியோ என்று ரெண்டை மட்டும் வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறீர்கள். நடுவில் இது இருக்கிறதே!

கரைவலை:
அயியோஸ் யோர்யோஸை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது அது இல்லை. பயணப்பை எழுதிய ரெண்டு நட்சத்திரம் கப்பல்துறை எதிரே.

திசைகாட்டி:
அப்படியானால் அந்த ஹோட்டலிடம் கேட்க வேண்டியதைக் கேட்கச் சொல்லுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம்? மலிவு அறைகளில் "பின்பக்கம், அமைதி" என்பது சில சமயம் கட்டடத்தின் நடுவில் உள்ள காற்றுக்குழியைப் பார்த்த ஜன்னல். சத்தம் இருக்காது, வெளிச்சமும் இருக்காது. கீழே உணவகச் சமையலறை இருந்தால் இரவு 12 மணி வரை பொரித்த மீன் வாசனை அறைக்குள்ளேயே நிற்கும். ஆகவே "பின்பக்கமா" என்று மட்டும் கேட்காமல், ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று படம் கேளுங்கள்.

லிஃப்ட் உண்டா, லிஃப்ட்டுக்குப் போகவே படி ஏற வேண்டுமா, ரெண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பழைய கட்டடங்களில் வாசலில் ஏழெட்டுப் படி இருக்கும், லிஃப்ட் அதற்கு மேல்தான் தொடங்கும். ரிசப்ஷன் இரவு முழுக்கத் திறந்திருக்காது. கப்பல் பெயரையும் வரும் நேரத்தையும் முந்தின நாளே அனுப்பினால் சாவியைக் கதவிலேயே வைத்துவிட்டு அறை எண்ணை மெசேஜில் அனுப்புவார்கள்.

புளியோதரை:
வெந்நீரையும் கேட்கச் சொல்லுங்க.

திசைகாட்டி:
அதைத்தான் எழுத வந்தேன். மாடியில் சோலார் தொட்டி, அதற்குள் மின்சாரக் காயில், இதுதான் அங்கே வழக்கமான அமைப்பு. இரவு 11க்கு வருபவருக்கு முன்பே வந்தவர்கள் குளித்துத் தீர்த்திருப்பார்கள். 160 லிட்டர் தொட்டியை 30 டிகிரி ஏற்றக் கிட்டத்தட்ட ஐந்தரை யூனிட் மின்சாரம் ஆகும். 4 கிலோவாட் காயில் என்றால் ஒன்றரை மணி நேரத்தை நெருங்கும். கப்பலில் இருக்கும்போதே "காயிலைப் போட்டு வையுங்கள்" என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள். ஸ்டூடியோவில் அந்த ஸ்விட்ச் அறைக்குள் மெயின் பாக்ஸிலேயே இருக்கலாம், பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். குளிக்கும் முன் அணைத்துவிடுவது அங்கே பழக்கம்.

ஷவரும் பெரும்பாலும் கையில் பிடிக்கும் குழாய்தான், மாட்டக் கொக்கி இல்லாமலும் இருக்கும். கழிவறைக் காகிதத்தைக் கூடையில்தான் போட வேண்டும். பழைய வடிகால் குழாய்கள் குறுகல், சரிவும் குறைவு. அடைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் கிடைக்க மாட்டார்.

கணக்குப்பிள்ளை:
வாடகை "ஏறக்குறைய ஒன்று" என்றார் கேள்வி கேட்டவர். அது வரிக்கு முன்னாலா, பின்னாலா? கிரீஸில் காலநிலைக் கட்டணம் என்று ஒன்று உண்டு. தலைக்கு அல்ல, அறைக்கு, ஒவ்வோர் இரவுக்கும். பல இடங்களில் முன்பதிவுத் தொகைக்கு மேல் நேரில் கட்ட வேண்டியிருக்கும். 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் ஒன்று, இரண்டு நட்சத்திர ஹோட்டலுக்கு 2 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. குறுகிய கால வாடகை வீடு என்று பதிவான இடத்துக்கு 8. ஆக நாலு இரவுக்கு ஹோட்டலில் 8 யூரோ, ஸ்டூடியோவில் 32 ஆகலாம்.

கரைவலை:
"ஆகலாம்" என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும். அயியா அன்னா ஸ்டூடியோக்களில் பல "வாடகை அறைகள்" வகையில் பதிவானவை, அதற்கும் 2 யூரோதான். வாசலில் நட்சத்திரத்துக்குப் பதில் சாவிச் சின்னம் போட்ட பலகை இருக்கும். பதிவு எந்த வகை என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். 24 யூரோவைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் காற்று விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பலத்த காற்று அடித்தால் துறைமுக அதிகாரி கப்பல்களை நிறுத்துவார். கட்டமரான் என்ற அதிவேக இரட்டை உடல் கப்பல்கள் முதலில் நிற்கும், பெரிய கப்பல்கள் பிறகு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிப்படி கப்பல் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்ப வரும், அல்லது வேறு கப்பலில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் பாதுகாப்பாக ஓட்ட முடியாத வானிலைதான் காரணம் என்றால் தங்கும் செலவைத் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. அந்த ராத்திரி உங்கள் கைக்காசு. கப்பல்துறை எதிரே இருப்பவர் அதே ஹோட்டலில் இன்னொரு இரவு கேட்கலாம், கப்பல் மறுபடி எப்போது என்று ஏஜென்சியில் நேரிலேயே விசாரிக்கலாம்.

கரைவலை:
தடை வந்த ராத்திரி எல்லோரும் அதே ஹோட்டலைத்தான் கேட்பார்கள். அது துறைமுகத்துக்குச் சாதகம் இல்லை. சரியான மருந்து, விமானத்துக்கு முந்தின இரவு ஏதென்ஸிலோ பிரேயஸிலோ இருப்பது. எங்கே தங்கினாலும் அது வேண்டும்.

பயணப்பை:
எல்லோருக்கும் நன்றி. ஏதென்ஸில் கடைசி இரவு ஏற்கெனவே போட்டிருக்கிறோம். கார் எடுக்கும் எண்ணம் இல்லை. முதல் ரெண்டு இரவு துறைமுகம், அடுத்த ரெண்டு இரவு அயியா அன்னா என்று பிரித்தால்?

கணக்குப்பிள்ளை:
நாலு இரவைப் பிரிக்காதீர்கள். இடம் மாறும் நாளில் ஒரு இடத்தை 11க்குக் காலி செய்து மறு இடத்தில் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். கடைசி இரவு அயியா அன்னா என்றால் பெட்டியோடு பஸ் பிடித்துக் கப்பலுக்கு வருவதும் உங்கள் தலையில்.

கரைவலை:
பிரிக்க வேண்டாம் என்பதில் கணக்குப்பிள்ளையோடு உடன்படுகிறேன், இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்! கார் இல்லை என்பதால் அயியா அன்னாவையும் விட்டுவிடலாம். ஆனால் கப்பல்துறை எதிரே என்பதை இன்னமும் ஏற்கவில்லை. அயியோஸ் யோர்யோஸ் பக்கம் தரைத்தள அறை, சின்ன அடுப்போடு. இரவில் கப்பல்துறைக்கு ஆள் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். சிறிய ஹோட்டல்களில் சில வேன் வைத்திருக்கின்றன, சில இலவசம், சில கட்டணம்.

திசைகாட்டி:
வேன் என்றால் எங்கே நிற்கும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் கப்பல் இறக்கும் கூட்டத்தில் பெயர்ப்பலகை தேடுவது கஷ்டம். கப்பலில் பெட்டியை வண்டித்தளத்து ரேக்கில் வைக்கச் சொல்வார்கள், ரேக்குக்கு ரேக் தீவுப் பெயர் போட்டிருக்கும். நாக்ஸோஸ் ரேக்கிலேயே வையுங்கள், பாரோஸில் இறங்குபவர்கள் அவசரத்தில் இழுத்துப் போடாமல் இருப்பார்கள். அறிவிப்பு வந்ததும் அம்மாவை முதலிலேயே கீழே இறக்கிவிடுங்கள். வண்டித்தளம் போகும் படி செங்குத்து, கதவு திறந்த பிறகு எல்லோரும் முண்டுவார்கள். லிஃப்ட் எந்தப் பக்கம் என்று ஏறும்போதே சிப்பந்தியிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

புளியோதரை:
மூணு பின் சார்ஜர் எடுத்துட்டுப் போகாதீங்க. அங்கே ரெண்டு உருண்டைப் பின் பிளக்தான், 230 வோல்ட். மெலிசான ரெண்டு பின் போன் சார்ஜர் நேரா சொருகும், நம்ம ஊரு எலக்ட்ரிக் கெட்டிலுக்கு அடாப்டர் வேணும். தீவுல குழாய்த் தண்ணி குடிக்க வேணாம், ஒன்றரை லிட்டர் பாட்டில் ஆறு சேர்ந்த கட்டு சூப்பர்மார்க்கெட்ல வாங்குங்க. அதைத் தூக்கிட்டு வர்ற தூரத்தையும் ரூம் எடுக்கும்போது கணக்குல வச்சுக்கோங்க.