ஸ்டெல்லிங்கா கிளர்ச்சி, 841: பழைய தெய்வங்களுக்காகவா, பழைய சட்டத்துக்காகவா?

பொருநன்:
841இல் இன்றைய வடமேற்கு ஜெர்மனிப் பகுதியான சாக்சனியில் மூண்ட ஸ்டெல்லிங்கா கிளர்ச்சியைக் கிறித்தவத்துக்கு எதிரான கடைசி எழுச்சி என்றே இங்குப் பலரும் எழுதுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாக்சனியை வென்று கிறித்தவத்துக்குள் கொண்டுவந்த பிராங்கிய மன்னர் சார்லமேனின் மகள்வழிப் பேரனும் அந்நிகழ்வுகளைத் தம் காலத்திலேயே கண்டு எழுதியவருமான நிதார்டு, சாக்சன் மக்கள் எதெலிங்கர் என்னும் உயர்குடியினர், பிரிலிங்கர் என்னும் சுதந்திரக் குடிகள், லாசியர் என்னும் கட்டுண்ட குடிகள் என மூன்று பிரிவினராக இருந்தனர் என்கிறார். கிளர்ந்தவர்கள் பின்னிரு பிரிவினர். அவர்கள் விரட்டியது தங்கள் ஆண்டைகளை. ஃபோண்டனுவா போரில் தம்பியரிடம் தோற்று ஆள்பலம் தேடிய பேரரசர் லோதர் அவர்களுக்கு வாக்களித்ததும், முன்னோர் சிலைகளை வணங்கிய காலத்துச் சட்டத்தைத்தான், சிலைகளை அல்ல.

ஏட்டுச்சுவடி:
சட்டத்தையும் சமயத்தையும் இவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியுமா, நண்பரே? சார்லமேன் சாக்சனியருக்கு விதித்த சட்டத்தில் திருமுழுக்கை மறுத்தால் மரணம், இறந்தவரைப் பழைய முறைப்படி எரியூட்டினால் மரணம், தவக்கால நோன்பை இகழ்ந்து இறைச்சி உண்டாலும் மரணம். இத்தகைய சட்டத்தின்கீழ் வளர்ந்தவர்கள் பாட்டன் காலத்துச் சட்டத்தைத் திரும்பக் கேட்டால், அதில் பாட்டனின் வழிபாடு அடங்கவில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? இவர்கள் வைக்கிங்குகளான நார்மானியரோடும் ஸ்லாவியரோடும் சேர்ந்து கிறித்தவத்தையே துடைத்துவிடக்கூடும் என்ற அச்சத்தை அதே நிதார்டு பதிவு செய்திருப்பதை விட்டுவிட்டீர்கள்.

பொருநன்:
விடவில்லை. நிதார்டு லோதருக்கு எதிரணியில் நின்று போரிட்டவர். பகைவனைச் சிலைவணங்கிகளின் கூட்டாளியாகக் காட்டுவது அவருக்கு ஆதாயம். நான் சுமையைப் பார்க்கச் சொல்கிறேன். வருவாயில் பத்திலொரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்தும் தசமபாகம் உயர்குடியினர் முதல் லாசியர் வரை அனைவர்மீதும் விழுந்தது; அது சாக்சனியரின் விசுவாசத்தையே குலைத்துவிட்டதாக அரசவை அறிஞர் அல்குவின் 796இல் வருந்தி எழுதினார். சாக்சன் சட்டத் தொகுப்பில் உயர்குடியினர் ஒருவரின் உயிர்விலை, அதாவது அவரைக் கொன்றவர் தர வேண்டிய ஈட்டுத்தொகை, 1440 சாலிடஸ் நாணயம்; லாசியருக்கு 120. போதாக்குறைக்கு, மன்னரின் தூதர் கூட்டினாலன்றிப் பொதுச் சபை கூடலாகாது என்ற தடையும் வந்தது. அதற்கு முன்னரோ அவர்களுக்கு மன்னரே கிடையாது. வேசர் ஆற்றங்கரையில் மார்க்லோவில் ஆண்டுதோறும் கூடிய சபைக்கு மூன்று பிரிவினரும் ஆள் அனுப்பினார்கள்.

குறிஞ்சிவாசன்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. மார்க்லோ சபையைப் பற்றி விரிவாகச் சொல்வது, சாக்சனியரிடையே சமயம் பரப்பிய புனித லெபுயினின் வரலாறு. அதுவோ சாக்சனி வீழ்ந்த பிறகு துறவியர் உலகில் எழுந்த நூல். ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும், குடிப்பிரிவு ஒன்றுக்குப் பன்னிருவர் என்ற அந்தக் கணக்கு சற்று அழகாகவே இருக்கிறது. மேலும், பழைய சாக்சனியர் குடிப்பிரிவு தாண்டி மணந்தவரைக் கொன்றார்கள் என்கிறார் ஒன்பதாம் நூற்றாண்டுத் துறவி ஃபுல்டாவின் ருடால்ஃப். அப்படியானால் லாசியர் எந்தப் பொற்காலத்துக்குத் திரும்ப விரும்பினார்கள்?

பொருநன்:
நியாயமான கேள்வி. பன்னிருவர் கணக்கை நானும் வலியுறுத்த மாட்டேன். பழைய சமூகம் சமத்துவமானது என்றும் சொல்லவில்லை. ஆனால் உயர்குடியினர் தங்கள் மேன்மையை அன்று அக்கம்பக்கத்தாரின் முன்னிலையில் நிலைநாட்ட வேண்டியிருந்தது. பிராங்கிய ஆட்சியில் அவர்களுக்குப் பின்னால் மன்னரின் வாளும் திருச்சபையின் ஆசியும் வந்து நின்றன. லாசியர் வெறுத்தது அந்தச் சேர்க்கையைத்தான் என்பது என் துணிபு.

ஏட்டுச்சுவடி:
அந்தச் சேர்க்கையில் திருச்சபை பாதி என்றால், கிளர்ச்சியும் பாதி சமயக் கிளர்ச்சி ஆகிறதே!

பொருநன்:
பாதி என்பதைக்கூட ஒப்புவேன். ஆனால் தேவாலயம் எரிந்ததாகவோ குருமார் கொல்லப்பட்டதாகவோ நிதார்டு ஒரு வரிகூட எழுதவில்லை. தண்டனையையும் பாருங்கள். சார்லமேனை எதிர்த்த சாக்சனியருக்குத் தலைமை தாங்கி 785இல் பணிந்த விடுகிண்டு உயர்குடியினர். அவருக்குத் திருமுழுக்கு அளித்து, சார்லமேனே ஞானத்தந்தையாக நின்றார். 842இல் லோதரின் தம்பி ஜெர்மானிய லூயி ஸ்டெல்லிங்காவைச் சேர்ந்த 140 பேரின் தலையை வெட்டி, 14 பேரைத் தூக்கிலிட்டு, எண்ணற்றோரை முடமாக்கினார். எஞ்சியவர்கள் மீண்டும் எழுந்தபோது அவர்களை வெட்டிச் சாய்த்தவர்கள் சாக்சன் உயர்குடியினரே.