தொட்டியில் பாஸ்பேட் 5, என்ன செய்யலாம்?

ஞாயிறு

நான் (காலை 8.05): எல்லோரும் மீன்தொட்டிப் படத்தைப் பாருங்கள். கண்ணாடி, கல், செடி எல்லாவற்றிலும் முடி முடியாகப் பாசி. நேற்று வாங்கிய டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) காட்டுகிறது. பாஸ்பேட்டை நீக்கும் மருந்தும் ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். இன்று தண்ணீரை முழுக்க மாற்றிவிட்டு அதையும் ஊற்றிவிடப் போகிறேன்.

அம்மா: விடிந்ததிலிருந்து பக்கெட்டுகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

சித்தப்பா: கண்ணா, நில். பாட்டிலைத் திறக்காதே, தண்ணீரையும் இறைக்காதே. மீன்கள் எப்படி இருக்கின்றன? மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா?

நான்: இல்லை சித்தப்பா, நன்றாகத்தான் நீந்துகின்றன.

சித்தப்பா: அப்படியென்றால் இன்றைக்கே எதையும் செய்தாக வேண்டிய அவசரம் இல்லை. 5 பிபிஎம் பாஸ்பேட்டால் உன் மீன் சாகாது. பாசிக்குத்தான் அது தீனி. ஒரே நாளில் தண்ணீரின் குணத்தை மாற்றினால்தான் மீன் சாகும். என் பழைய தொட்டியில் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சித்தப்பா: அலைச்சல் மிகுந்த ஒரு சமயத்தில் ஐந்தாறு மாதம் தண்ணீரை மாற்றவே இல்லை. வற்றிய அளவுக்கு மேலே ஊற்றி நிரப்பியதோடு சரி. பாசி மண்டிவிட்டது. ஒரு நாள் வேகம் வந்து முக்கால்வாசிக்கு மேல் தண்ணீரை மாற்றினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் பிடித்துப் பளிச்சென்று அலசினேன். மறுநாள் விடிவதற்குள் 11 மீன்களில் 7 போய்விட்டன. மீதி நான்கும் நீர்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. நாள்பட்ட தொட்டியில் பிஹெச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு, மெல்ல இறங்கிவிடும். அந்த அமிலத் தண்ணீரில் மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியா, அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். அதில் விஷம் குறைவு. பிஹெச் கூடிய புதுத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் அது மறுபடியும் விஷ அம்மோனியாவாகிவிடும். அதைத் தின்று தீர்க்க வேண்டிய பாக்டீரியாவையோ நான் குளோரின் தண்ணீரில் கொன்றுவிட்டேன். அந்த ஏழு மீன்களை வலையில் எடுத்த காலையை இன்னும் மறக்க முடியவில்லை.

அம்மா: அன்றைக்கு நீங்கள் சாப்பிடவே இல்லை, தம்பி. எனக்கு நினைவிருக்கிறது.

நான்: சரி சித்தப்பா. பக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

சித்தப்பா: முதலில் சில விவரங்கள் வேண்டும். தொட்டியின் அளவு, எத்தனை மீன், ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி, கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினாய். குழாய்த் தண்ணீரையும் அதே கிட்டில் சோதித்துச் சொல். சோதிக்கும் கண்ணாடிக் குப்பியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் அந்த அளவை நம்ப முடியாது, சில சோப்புகளிலேயே பாஸ்பேட் இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசிவிட்டு மறுபடி பார்.

நான் (9.20): அலசிவிட்டுப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் அதே கருநீலம், 5தான். குழாய்த் தண்ணீர் 1. நைட்ரேட் 40. நீளம் 80 செ.மீ., அகலம் 35, தண்ணீர் நிற்கும் உயரம் 35. மீன்கள்: டெட்ரா 12, கப்பி 8, கோரிடோரஸ் 4. தண்ணீர் மாற்றி ஏழு வாரம் ஆகிறது. தீனி காலையில் ஒரு சிட்டிகை மட்டும்.

அம்மா: ராத்திரி?

நான்: ராத்திரி நான் போடுவதில்லையே.

அம்மா: உன் அப்பா போடுகிறார். பத்து மணிக்கு, விளக்கை அணைக்கும் முன்.

அப்பா: நான் கிட்டே போனாலே எல்லாம் மேலே வந்து நிற்கின்றன. பசிக்கிறது என்று நினைத்தேன்.

சித்தப்பா: அண்ணா, அவை எப்போது பார்த்தாலும் அப்படித்தான் வரும். பசி இல்லாவிட்டாலும் வரும். நீங்கள் விளக்கை அணைத்ததும் தின்னாத தீனி மணலுக்குள் இறங்கி அழுகுகிறது. பெரும்பாலான மீன்தீனியில் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது. மீன் தின்றாலும் பாதிக்கு மேல் கழிவாக வந்துவிடும். தின்னாததோ முழுக்கத் தண்ணீருக்குத்தான். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு ஒரு முறை, வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே இல்லை. இது போதும், இளைக்காது.

நான்: பிளட் வார்ம் என்ற சிவப்புப் புழுவையும் வாரம் இரண்டு தடவை போடுகிறேன். உறைந்த கட்டியை அப்படியே போட்டுவிடுவேன்.

சித்தப்பா: ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் ஊற்றிக் கட்டியைக் கரைய விடு. பிறகு வடிகட்டியில் ஊற்றிப் புழுவை மட்டும் போடு. அந்தச் சிவந்த சாறு தொட்டிக்குள் போக வேண்டாம்.

மாமா: தண்ணீரைத் தெளிய வைக்கப் படிகாரம் போடுவார்களே, அதை ஒரு கட்டி போட்டுப் பார்க்கக் கூடாதா? பாஸ்பேட்டையும் பிடிக்கும் என்று கேள்வி.

சித்தப்பா: பிடிப்பது உண்மைதான், மச்சான். அலுமினியச் சேர்மங்களை ஏரிகளுக்கே அதற்காகப் போடுகிறார்கள். ஆனால் அளந்து, பிஹெச் விழாமல் தாங்குவதற்கான பொருளையும் சேர்த்துத்தான் போடுவார்கள். படிகாரம் தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையைத் தின்றுவிடும். அது தீர்ந்தால் பிஹெச் பொத்தென்று விழும். இவ்வளவு சிறிய தொட்டியில் தயவுசெய்து வேண்டாம்.

மாமா: சரி சரி, விட்டுவிடுகிறேன்.

அக்கா (9.50): தம்பி, அந்தப் பாட்டிலில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்.

நான்: லாந்தனம் குளோரைடு.

அக்கா: நல்ல வேளை, ஊற்றவில்லை. அது பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். மொத்தமாக ஊற்றினால் தண்ணீர் பால் மாதிரி கலங்கும், அந்தத் துகள் மீனின் செவுளில் போய் ஒட்டும். சர்ஜன் மீன்கள் இதனால் செத்ததைக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் பலர் பார்த்திருக்கிறார்கள். கார்பனேட் குறைந்த மென்னீரில் ஆபத்து இன்னும் கூட. நாங்கள் பயன்படுத்தும்போது நிறைய நீர்த்து, சொட்டுச் சொட்டாக, 5 அல்லது 10 மைக்ரான் துணிப்பை வழியாகத்தான் விடுவோம். உன் தொட்டிக்கு அது தேவையே இல்லை.

அக்கா: வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் பவளத் தொட்டியில் பாஸ்பேட் 0.3 இருந்தது. பெட்டியில் போட்டிருந்த முழு அளவுக்கு பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளைப் போட்டேன். மூன்றே நாளில் 0.03க்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நான்காம் நாள் அக்ரோபோரா பவளத்தின் நுனியெல்லாம் வெளுத்தது, அப்புறம் அடியிலிருந்து தோல் உரிந்தது. இரண்டு கொத்து போய்விட்டன. பாறைக்குள் ஊறியிருந்த பாஸ்பேட் அதற்கப்புறமும் கசிந்துகொண்டே இருந்தது, இரண்டு வாரத்தில் அளவு மறுபடி 0.15. அவசரப்பட்டதில் பவளம் போனதுதான் மிச்சம்.

நான்: இப்போது எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

அக்கா: 0.05க்கும் 0.1க்கும் நடுவில். 0க்குக் கொண்டுபோனால் பவளமும் பட்டினி, அந்த வெற்றிடத்தில் டைனோஃபிளஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பழுப்புச் சளியாகப் படரும். உன் நன்னீர்த் தொட்டி வேறு கணக்கு. செடி வைத்திருக்கிறாய், 1 பிபிஎம் பக்கம் இருந்தால் அருமை. 0 ஆகிவிட்டால் செடி வளர்ச்சி நின்றுவிடும், இலையில் பச்சைப் புள்ளிப் பாசி வரும்.

சித்தப்பா: அதே. இப்போது கணக்குக்கு வா. 80 × 35 × 35 என்றால் 98 லிட்டர். கல், மணல் கழித்தால் தண்ணீர் 85 லிட்டர்தான் இருக்கும். எந்த மருந்து போட்டாலும் இந்த 85தான் உன் கணக்கு. இன்று 17 லிட்டர் மட்டும் மாற்று. ஐந்தில் ஒரு பங்கு. குழாய்த் தண்ணீரிலேயே 1 இருப்பதால் 5 என்பது 4.2 ஆகும். நான்கு நாள் கழித்து இன்னொரு 17 லிட்டர், அப்போது 3.6 பக்கம். அதற்கடுத்து 3. எத்தனை முறை மாற்றினாலும் தண்ணீர் மாற்றத்தால் மட்டும் 1க்குக் கீழே போகாது.

நான்: குழாய்த் தண்ணீரில் ஏன் பாஸ்பேட்?

சித்தப்பா: குழாய் துருப்பிடிக்காமல், ஈயம் கரையாமல் இருப்பதற்காகச் சில குடிநீர் அமைப்புகள் பாஸ்பேட் சேர்க்கின்றன. குடிப்பவர்களுக்குக் கெடுதல் இல்லை. நீ ஊற்றும் முன் குளோரின் நீக்கும் மருந்தைக் கலக்க மறக்காதே. குளோரமைன் இருந்தால் தண்ணீரை வெறுமனே பிடித்து வைத்தால் போகாது. வெதுவெதுப்பும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். புதுத் தண்ணீரைக் கொட்டாதே, சின்னக் குழாய் போட்டு அரை மணி நேரம் இறங்க விடு.

நான் (மாலை 5.40): 17 லிட்டர் முடிந்தது. மணலைக் குழாயால் உறிஞ்சியபோது கரும்பழுப்பாக வந்ததைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஸ்பாஞ்சை எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தேன். மூன்று பிழிச்சலுக்கும் சேறு.

சித்தப்பா: அவ்வளவும் பாஸ்பேட் கிடங்கு. முழுக்க வெள்ளையாகும் வரை பிழியாதே, தண்ணீர் தாராளமாகப் போனால் போதும். பாசியைக் கையால் எடு. பழைய பல்துலக்கியைச் செருகித் திருகினால் நூல் சுற்றுவது போலச் சுற்றிக்கொள்ளும். பாசி உறிஞ்சி வைத்திருக்கும் பாஸ்பேட்டும் அதோடு வெளியே போகும். உள்ளேயே சாக விட்டால் அத்தனையும் தண்ணீருக்குத் திரும்பும், அழுகும்போது ஆக்சிஜனையும் குடிக்கும்.

வியாழன்

நான் (இரவு 7.15): இரண்டாவது 17 லிட்டர் மாற்றியாயிற்று. கிட்டில் நிறம் 2க்கும் 5க்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. சரியான எண் தெரியட்டும் என்று அண்ணனிடம் ஒரு குப்பி கொடுத்திருக்கிறேன், அவரிடம் டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது.

அண்ணன் (8.30): 1.27 வருகிறது. அதற்குள் இவ்வளவு குறைந்துவிட்டதா? கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அக்கா: அண்ணா, மீட்டர் பாஸ்பேட்டைக் காட்டுகிறதா, பாஸ்பரஸை மட்டும் காட்டுகிறதா? திரையில் வெறும் பி என்று இருக்கிறதா பாருங்கள்.

அண்ணன்: வெறும் பிதான்.

அக்கா: அப்படியானால் 3.07ஆல் பெருக்குங்கள். 1.27 × 3.07, கிட்டத்தட்ட 3.9. இந்த வித்தியாசம் தெரியாமல் சிலர் மருந்தைக் கூட்டியும் குறைத்தும் போட்டுவிடுகிறார்கள்.

நான்: கணக்குப்படி 3.6 வர வேண்டும் இல்லையா?

சித்தப்பா: கல்லிலும் மணலிலும் ஒட்டியிருப்பது மெல்லக் கரைகிறது. தண்ணீரில் குறையக் குறைய அங்கிருந்து கசியும். கவலைப்படாதே, இறங்குகிறது. மிதக்கும் செடி ஏதாவது சேர்த்தாயா?

நான்: ஆகாயத்தாமரை நாலு குட்டி விட்டிருக்கிறேன். ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடியும் இரண்டு கொத்து.

சித்தப்பா: அருமை. பெருகியதும் பாதியை அள்ளி வெளியே போடு. அள்ளும்போதுதான் பாஸ்பேட் தொட்டியைவிட்டுப் போகும். ஆனால் குளத்திலோ வாய்க்காலிலோ போட்டுவிடாதே, பரவினால் நீர்நிலையையே மூடிவிடும். காயவைத்து மக்கவிடு.

மூன்றாம் ஞாயிறு

நான்: இரண்டு வாரக் கணக்கு. 3.9, 3.2, 2.6, இன்று 2.1. நைட்ரேட் 20. எல்லா மீன்களும் நலம். பாசி புதிதாக வளரவில்லை, பழையதைத்தான் சுற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பா: இனி வேண்டுமானால் இரும்பு ஆக்சைடு மணிகளைக் கொஞ்சம் போடலாம். பெட்டியில் சொன்ன அளவில் கால் பங்கு. வலைப்பையில் கட்டி, துருநிறம் போய்த் தெளிந்த தண்ணீர் வரும் வரை அலசிவிட்டு, ஃபில்டரில் ஸ்பாஞ்சுக்குப் பின்னால் வை. முன்னால் வைத்தால் அழுக்கு அடைத்துவிடும். மூன்று நாளுக்கு ஒரு முறை சோதி.

அக்கா: தினமும் கொஞ்ச நேரம் செடியையும் மீனையும் பார், தம்பி. மீட்டர் சொல்வதற்கு முன்னால் அவை சொல்லிவிடும்.

நான்காம் ஞாயிறு

நான் (காலை 8.10): 1.3. நைட்ரேட் 15. கண்ணாடி வழியாகப் பின்சுவர் தெரிகிறது. கோரிடோரஸ் நான்கும் மணலைக் கிளறிக்கொண்டு வரிசையாகப் போகின்றன. படம் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா: நேற்று முழுக்க அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.

சித்தப்பா: ரொம்ப சந்தோஷம், கண்ணா. மணிப்பையை இன்று வெளியே எடுத்துவிடு. இனி வாரம் ஒரு முறை 17 லிட்டர், தீனி அதே அளவு. அளவு 2க்கு மேல் ஏறினால் மட்டும் பையைத் திரும்ப வைக்கலாம்.

அப்பா: நேற்று ராத்திரியும் பத்து மணிக்கு எல்லாம் மேலே வந்து நின்றன. ஒன்றும் போடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

நான்: நாளையிலிருந்து காலைத் தீனியை நீங்களே போடுங்கள், அப்பா. அளவு ஸ்பூனை டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.