கிரீட் தென்மேற்குக் கரை நடை: கைடு வேண்டுமா, மேப் போதுமா?

புதுநடை:
மே கடைசியில் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவின் தென்மேற்குக் கரையில் நாலு நாள் நடக்கத் திட்டம். சூயாவில் தொடங்கி அயியா ரூமெலி, லூத்ரோ வழியாக ஹோரா ஸ்ஃபாகியோன் வரை. மூன்று பேர், மூவருக்கும் மலை நடை பழக்கம் உண்டு. கைடோடு போகும் குழுவில் சேர்வதா, தனியாகப் போவதா?

வரைபடப்பித்தன்:
தனியாகவே போங்கள். இது ஈ4 என்ற ஐரோப்பிய நெடும்பாதையின் ஒரு பகுதி. மஞ்சள் கறுப்பு அடையாளங்கள் இருக்கும் (அந்த வட்டாரத்தில் பலகையைக் குறிவைத்துச் சுடுகிற பழக்கம் உண்டு, தோட்டா ஓட்டையைப் பார்த்துப் பயப்படாதீர்கள்). கிழக்கே நடக்கும்போது கடல் எப்போதும் வலது கைப் பக்கம். அயியா ரூமெலிக்கும் லூத்ரோவுக்கும் சாலையே கிடையாது, படகில் போகவேண்டும் அல்லது நடக்கவேண்டும். ஆனாலும் அறையும் சாப்பாடும் கிடைக்கும். கூடாரம், அடுப்பு எதையும் சுமக்க வேண்டாம். ஜிபிஎஸ் தடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள், அனவாசி நிறுவனத்தின் காகித மேப் ஒன்று பையில் இருக்கட்டும். பன்னிரண்டு பேர் வரிசையில் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்கவா அவ்வளவு தூரம் போகிறீர்கள்?

சரளைக்கல்:
“கடல் வலது பக்கம்” என்ற இந்த ஒரு வரிதான் அங்கே ஆளைக் கவிழ்க்கிறது. ஆட்டுத்தடத்தில் போனாலும் கடல் வலது பக்கம்தான் இருக்கும்.

சூயா – அயியா ரூமெலிப் பகுதியைப் பாருங்கள். பாதை கரையை ஒட்டி ஓடுவதில்லை. முனைகளுக்குப் பின்னால் ஏறி இறங்குகிறது. திரிப்பிதி மலையிடுக்கின் வாயைத் தாண்டி, தோமாத்தா கடற்கரைக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி சரளைச் சரிவில் மேலே போகிறது. களைத்தவர் “எதற்கு இவ்வளவு ஏற்றம், கரையோடு போய்விடலாம்” என்று ஏதாவது ஓர் ஓடைக்குள் இறங்குவார். இறங்கும்போது சரளை காலோடு சேர்ந்து வழுக்கி வரும், சுலபமாகத்தான் தெரியும். கீழே போனால் செங்குத்துப் பாறை, அதற்குக் கீழே கடல். திரும்பி ஏறப் பார்த்தால் இரண்டடி வைத்தால் ஒன்றரை அடி பின்னால் வரும். இதற்குள் தண்ணீரும் தீர்ந்திருக்கும். மலையிடுக்குச் சுவர்களுக்கு நடுவே போனில் சிக்னல் கிடைப்பதே அரிது, அவசர எண் 112-ஐ எப்படி அழைப்பீர்கள்?

வரைபடப்பித்தன்:
சூயா பகுதி கடினம், ஒத்துக்கொள்கிறேன். முழுப்பகல் நடை, ஒன்பது பத்து மணி நேரம் எடுக்கும், நடுவே நம்பிப் போகத் தண்ணீர் இல்லை. ஆனால் அதற்காக நாலு நாளுக்கும் கைடு வைத்துக்கொள்ளச் சொல்வது கால் விரலில் முள் என்றதும் முழங்கால்வரை கட்டுப்போடுவது போல. அந்த ஒரு பகுதியைப் படகில் கடந்துவிட்டு மற்றதை நடந்தால் முடிந்தது.

சரளைக்கல்:
“மற்றது” சுலபம் என்று யார் சொன்னது? 2024 ஜூனில் கிரீஸின் சிமி தீவில் என்ன நடந்தது? டாக்டர் மைக்கேல் மோஸ்லி, பிரிட்டன் தொலைக்காட்சியில் உடல்நலம் பேசியவர், பிற்பகலில் ஒரு கடற்கரையிலிருந்து தனியாக நடந்து கிளம்பினார். நாலு நாள் கழித்து இன்னொரு கடற்கரைக்குப் பக்கத்தில் உடல் கிடைத்தது. அது நெடும்பாதைகூட இல்லை. கைடின் வேலை வழி காட்டுவது மட்டும் இல்லை. “இன்றைக்குப் போகவேண்டாம்” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

வரைபடப்பித்தன்:
அதிலிருந்து எடுக்கவேண்டிய பாடம் கிளம்பும் நேரம், துணை, தண்ணீர் மூன்றும்தான். அந்தக் கரை தெற்கு நோக்கியது. சுண்ணாம்புப் பாறை வெயிலை வாங்கி முகத்தில் திருப்பி அடிக்கும். ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். பல குழுக்கள் விடுதியில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் கிளம்புகின்றன. உச்சி வெயிலில் நடத்திக் கூட்டிப்போகிற கைடு எனக்கு எதற்கு?

உப்புக்காற்று:
இரண்டு பேரும் பாதையைப் பகுதி பகுதியாகப் பார்க்காமல் சண்டை போடுகிறீர்கள். கேட்டவருக்கு உதவுகிற மாதிரி எழுதுகிறேன்.

அயியா ரூமெலி – லூத்ரோ, ஐந்து முதல் ஆறு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் கடற்கரையில், அயியோஸ் பாவ்லோஸ் தேவாலயம் வரை. கரையோரக் கூழாங்கல்லும் மணலும் ஒவ்வோர் அடிக்கும் உள்வாங்கும், கெண்டைக்கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அங்கேயே கணக்கைவிட இருபது நிமிடம் பிந்தினால் பதறாதீர்கள், எல்லோருக்கும் பிந்தும். தெற்குக் காற்றில் கடல் கொந்தளித்தால் அலை பாதைவரை வரும். அன்று அந்த நடையே வேண்டாம். தேவாலயத்தைத் தாண்டிப் பாதை பைன் மரங்களுக்குள் ஏறும். சிறிது தூரத்தில் பிரிவு: இடப்பக்கம் போனால் அயியோஸ் யோவான்னிஸ் என்ற மலையூர், பல நூறு மீட்டர் ஏற்றம். நேரே போவது கரைப்பாதை. பேசிக்கொண்டே நடப்பவர்கள் பலகையைத் தவறவிடுவது இங்கேதான். பத்து நிமிடம் விடாமல் ஏறிக்கொண்டே இருந்தால் நின்று மேப்பைப் பாருங்கள்.

பிறகு மர்மரா, அரதேனா மலையிடுக்கு கடலைத் தொடும் இடம். பருவகாலத்தில் டவர்னா (கிரேக்க உணவகம்) திறந்திருக்கும். அங்கிருந்து லிகோஸ் வரை கொஞ்ச தூரம் பாறை விளிம்பில் ஒற்றையடிப் பாதை. கயிறு தேவையில்லை, ஆனால் உயரத்தைக் கண்டால் கால் நடுங்குகிறவருக்கு முன்னும் பின்னும் ஆள் இருப்பது நல்லது. தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் இரண்டு பொட்டலம். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே போனால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலியும் வாந்தியும் வரும், அதை வெறும் வெயில் என்று நினைத்து இன்னும் தண்ணீரை ஊற்றுவார்கள்.

லூத்ரோ – ஹோரா ஸ்ஃபாகியோன் இரண்டரை மணி நேரம்தான், ஆனால் கல் விழுகிற இடம் இதுதான். கிளிகா நேரா கடற்கரையில் (கூழாங்கல்லைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும்) செங்குத்துப் பாறைக்கு அடியில் படுத்துத் தூங்காதீர்கள். மழை பெய்த மறுநாளும், மேலே ஆடு மேய்கிறபோதும் கல் உருளும். அதைத் தாண்டிப் பாறையில் வெட்டிய பாதையில் நின்று போட்டோ எடுக்காமல் இடைவெளி விட்டுக் கடந்து போங்கள். கடைசி மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலை.

சரளைக்கல்:
இவ்வளவு எழுதியதே என் பக்கத்துக்குத்தான் வலு. இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு யார் நடப்பார்கள்?

உப்புக்காற்று:
மூன்று பேரில் ஒருவர் படித்தால் போதும். சூயா பகுதிக்கு மட்டும் உள்ளூர் கைடு ஒருவரை ஒருநாளைக்குப் பேசிக்கொள்ளலாம். பேசும்போது மூன்று கேள்வி: எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? எந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வரமுடியாது? கடைசியில் வருகிறவரை யார் பார்ப்பார்? இரண்டாவது கேள்விக்கு இடத்தின் பெயரைச் சொல்லாமல் மழுப்புகிறவரோடு போகவேண்டாம். மலை நடைக் கைடுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பேருந்துச் சுற்றுலா கைடு வேறு.

வரைபடப்பித்தன்:
ஒருநாள் கைடு, சரி. அப்படியானால் அவருக்கும் சேர்த்துத் தலைக்கு ஐந்து லிட்டர் என்று சொல்லிவிடுங்கள். எடை கூடும் என்று மூன்று லிட்டரோடு வருகிறவர்தான் தோமாத்தாவிலிருந்து ஏறும்போது அடுத்தவர் பாட்டிலைப் பார்ப்பார்.

சரளைக்கல்:
மற்ற மூன்று நாளுக்கும் கைடு இருந்தால்தான் நல்லது என்பதே என் கருத்து. காற்றைக் கணிக்கத் தெரிந்த ஆள் உங்களில் யார்? வடக்குக் காற்று மலையிடுக்குகள் வழியாகக் கரைக்குத் திடீரென்று சாடி இறங்கும். விளிம்புப் பாதையில் பையோடு ஆளைத் தள்ளும்.

வரைபடப்பித்தன்:
முந்தின நாள் மாலை துறைமுகத்தில் படகுச்சீட்டு விற்கிறவரிடம் நாளைக்குப் படகு உண்டா என்று கேளுங்கள். காற்றால் படகை நிறுத்திவிட்டார்கள் என்றால் விளிம்புப் பாதைக்கும் போகாதீர்கள். இதற்குக் கைடு சம்பளம் வேண்டாம்.

புதுநடை:
சூயா பகுதிக்கு ஒருநாள் கைடு, மற்றது நாங்களே. படகு நின்றால் லூத்ரோவில் மாட்டிக்கொள்வோமே?

உப்புக்காற்று:
ஒருநாள் தாராளமாகக் கையில் வையுங்கள், விமானத்துக்கு முந்தின இரவு ஹானியா ஊரில் இருக்கிற மாதிரி. லூத்ரோவிலிருந்து படகு இல்லாவிட்டால் பின்னால் ஏறும் வளைவுப் பாதையில் அனோப்போலி போகலாம், அங்கே தார்ச்சாலை இருக்கிறது. செங்குத்தான ஏற்றம், அதையும் காலையிலேயே ஏறுங்கள்.